வெள்ளி உடம்பு, பச்சை வால்

என் பார்சல் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் ஏன் இத்தனை நாள் ஆச்சு என்று என்னோடு மல்லுக்கு நிற்பார்கள். நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி இரண்டிலும் சேர்த்தி இல்லை. கையெழுத்துப் போட்ட கையோடு கவுண்டரிலேயே பெட்டியைப் பிரித்துவிடுவாள். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அவளுக்குக் கவலை கிடையாது.

முதல் தடவை வந்த பெட்டி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே ஒரு போர் விமானம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கிற படம்.

"பையனுக்காக்கா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான். ஏன், பொம்பளைக்கு ஏரோப்ளேன் ஆவாதா?"

"அய்ய, நான் அப்பிடி சொல்லலக்கா."

உள்ளே, ஒட்டிச் சேர்க்கிற பொம்மை விமானத்துக்கான சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் காம்போடு அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. அக்கா இறக்கையை மட்டும் ஒடித்து எடுத்தாள். கைப்பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு விமான உடம்பை வெளியே எடுத்தாள். இறக்கையை அதன் விலாவில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இறக்கை தேறும். மூக்கு தேறாது. மூக்கு வேற பொட்டில வருது, அடுத்த வாரம்."

"அப்ப இதுல முழுசா வராதாக்கா?"

"எந்தப் பொட்டிலயும் முழுசா வராது தம்பி. மேல போட்டுக்கீறான் பாரு படம், அதுல மட்டும்தான் முழுசா இருக்கும்."

இதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். பின்னால் நின்ற ஆள் என்னைத் திட்டினான். நான் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவருடைய கிளினிக்கின் பின்னறையில் பல் செட் செய்வதுதான் அக்காவின் வேலை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து உள்ளே அனுப்புவார். அதிலிருந்து மேல் வரிசை, கீழ் வரிசை, ஈறு எல்லாம் செய்து வெளியே அனுப்புகிறவள் அக்கா. அச்சு வார்க்கிற வெள்ளை மாவு, சிவப்பு மெழுகு, ரோஸ் நிற அக்ரிலிக் பவுடர், சின்ன அரங்கள், ஊசி மாதிரி ஒரு டிரில்லிங் மெஷின். அதே கைதான் வீட்டுக்கு வந்ததும் போர் விமானம் செய்யும். ஒரு கம்பெனி பெட்டியில் உடம்பு, இன்னொரு கம்பெனி பெட்டியில் இறக்கை, மூன்றாவதில் விமானி உட்காரும் அறை என்று பொறுக்கி எடுத்து ஒன்றாகச் சேர்ப்பாள். சேர்ந்ததும், எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒரு விமானம் நிற்கும்.

ஒரு தடவை பார்சல் கொடுக்க வீட்டுக்கே போயிருந்தேன். அலமாரியில் முறுக்கு டின்களாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு டின் முழுக்க வால், ஒரு டின் முழுக்க சக்கரம். பக்கத்தில் பல் செட் டப்பா ஒன்று. யாருடைய பல்லோ என்று கூசிக்கொண்டே திறந்தேன். உள்ளே ஏழெட்டு விமானிகள், ஹெல்மெட்டோடு, கட்டைவிரல் நகம் அளவுக்கு, வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒருத்தனை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இந்தாளு இன்னா தப்பு பண்ணான்?"

"அவன் பெரிய சைஸ் வண்டிக்காரன். பாக்கறதுக்கு ஒண்ணாத்தான் இருப்பான். ஏத்தி உக்கார வெச்சா மேல கண்ணாடி மூடாது. மண்ட இடிக்கும்."

அவள் வீட்டுக்காரர் வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கட்டிலில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னாண்ணா, வூடு பூரா ஏரோப்ளேனா கீது?" என்றேன். "பறக்காத வரைக்கும் சரிதான்" என்று சொல்லிவிட்டு இட்லியைத் தொட்டுக்கொண்டார்.

அக்காவிடம் ஒரே ஒரு குணம் இருந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்ததுதான். எதையும் பொருத்திப் பார்க்காமல் ஒட்ட மாட்டாள். விமானத்தில் ஒரு துண்டை ஒட்டுவதற்கு முன்னால் டேப்பால் கட்டி வைத்து, கழற்றி, அரத்தால் தேய்த்து, மறுபடி கட்டி, நாலு நாள் அப்படியே விட்டு, வருகிறபோதும் போகிறபோதும் முறைத்துப் பார்ப்பாள். பல் செட்டும் அப்படித்தான். டாக்டர் கொடுத்துவிடு என்று சொன்னாலும் கொடுக்க மாட்டாள். வாங்க வந்தவர் அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு முறுக்கைக் கடித்துத் தின்ன வேண்டும். அப்புறம் "திருமுக்கூடல்" என்று பக்கத்து ஊர்ப் பேரை மூன்று தடவை சொல்லிக் காட்ட வேண்டும். வாய்க்குள் செட் சரியாக உட்காரவில்லை என்றால் அந்தச் சொல்லில் காற்று பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம்.

மகள் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில் ஒரு பெரிய விவசாயி செட் வாங்க வந்தார். நானும் அன்றைக்குப் பல்வலி என்று அங்கேதான் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர் திருமுக்கூடல் சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் மேல் வரிசை இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறது. "குடும்மா, நானு வூட்ல போயி பயக்கிக்கிறேன்" என்று கெஞ்சினார். அக்கா செட்டைப் பிடுங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாங்க. சம்பந்தி முன்னால பல்லு கீய வுயுந்துச்சின்னா, எம்பேரத்தான சொல்லுவீங்க?"

"பல்லு செட்டுக்குப் பரீட்ச வெக்கிற பொம்பளைய இங்கதான் பாக்கறேன்" என்று கத்திக்கொண்டே போனார். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டும் போனார். கல்யாணத்தில் அப்பளத்தை நொறுக்கி நொறுக்கித் தின்றார் என்று கேள்வி.

இனி என் அப்பா விஷயம். இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. சொன்னால் என் மானம் போகும். போகட்டும்.

அப்பா வாலிபத்தில் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். வடக்கே ஒரு தளத்தில் வேலை. அவர்கள் பார்த்தது ஒத்தை ஆள் உட்காருகிற குட்டிப் போர் விமானம். ஒரு சின்னப் பூச்சியின் பேரைத்தான் இங்கிலீஷ்காரன் அதற்கு வைத்திருந்தான். அப்பாவிடம் ஒரு கதை உண்டு. "நீ பொறந்த வாரம்டா" என்றுதான் ஆரம்பிப்பார். போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஓடுபாதையில் ஒரு விமானத்துக்கு மூக்கு நசுங்கிவிட்டது. இன்னொன்றுக்கு வால் உடைந்துவிட்டது. மேலே நிமிர்ந்து நிற்குமே, அந்த வால். மாற்ற சாமான் இல்லை. மூக்கு போனதின் வாலைக் கழற்றி வால் போனதில் மாட்டினார்கள். உடம்பு வெள்ளி நிறம். வந்து சேர்ந்த வாலோ பச்சை. பெயின்ட் அடிக்க நேரம் இல்லை. நாலு போல்ட்டையும் முறுக்கினது அப்பாவின் கை. மறுநாள் காலையில் அது பறந்தது.

ஆறாம் வகுப்பில் இந்தக் கதையைப் பெருமையாகப் பள்ளிக்கூடத்தில் அவிழ்த்துவிட்டேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். "வேற வண்டி வால மாட்டினா ஏரோப்ளேன் பறக்குமாடா? அது இன்னா மாட்டு வண்டியா?" எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தப்பிக்கிறதுக்காக நானே அவர்களோடு சேர்ந்துகொண்டு அப்பாவுக்கு ஒரு பேர் வைத்தேன்: ஒட்டு ஏரோப்ளேன். அந்தப் பேர் தெருவுக்குப் போய், டீக்கடைக்குப் போய், நிலைத்துவிட்டது. "ஒட்டு ஏரோப்ளேன் வந்துட்டாரு, ஒரு டீ போடுப்பா" என்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே குடிப்பார். பேரை வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கதை சொல்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டார்.

அக்கா பழக்கமான பிறகு ஒரு வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் பேச அப்பாவைக் கூப்பிட்டார்கள். அந்தக் கதையைத்தான் பேசப் போவதாகச் சொன்னார். டீக்கடைக் கூட்டம் முழுக்க அங்கே வந்து உட்காரும்.

"நைனா, வேற எதனா பேசேன்."

"வேற இன்னாடா கீது எங்கிட்ட?"

நேராக அக்காவிடம் போனேன். நல்லதாக ஒரு விமானம் செய்து கொடுத்தால், ஜனம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், கதையைக் கவனிக்காது என்பது என் கணக்கு. கதையை அவளிடம் சொல்லிவிட்டு, "எங்க நைனா சொல்றது நம்பற மாரி இல்லக்கா. நீங்க முழுக்க வெள்ளிக் கலர்ல செஞ்சிடுங்க" என்றேன்.

"நம்பறதும் நம்பாததும் அப்பறம். நான் பொருத்திப் பாத்துட்டு சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். கைப்பையில் மூன்று வால்கள், மூன்று பெட்டிகளிலிருந்து எடுத்தவை. அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மற்றது இன்னும் மங்கல். அக்கா முதல் வாலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்பா விரலால் விளிம்பைத் தடவினார்.

"இது ரெண்டு பேர் உக்கார்ற வண்டியோடது. ட்ரெய்னிங் வண்டி. நம்மளுது இன்னும் சின்னது."

அக்கா அடுத்ததை வைத்தாள்.

"இத்த செஞ்சவன் வண்டிய கண்ணால பாத்திருக்க மாட்டான். முனையில உருட்டிட்டான். நம்மளுது வெட்டினா மாரி இருக்கும்."

மூன்றாவதை வைத்தாள். அப்பா கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இதான்" என்றார்.

"இதுக்குத்தான் ஆறு போல்ட்டு முறுக்கினீங்களா ஐயா?" என்று கேட்டாள் அக்கா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"யாரும்மா ஆறுன்னது? நாலு! முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. பின்னாடி ரெண்டுக்கு ஸ்பேனர் பூராது, கைய வளைச்சி உடணும். இங்க பாரு." முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினார். அந்தத் தழும்பை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அக்கா தன் நோட்டில் இருந்த வரைபடத்தை எடுத்து, அடிப்பக்கத்தில் எதையோ எண்ணிப் பார்த்து, மூடி வைத்தாள். "பொருந்துது" என்றாள். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. வால் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது என்றார் அப்பா. "ஒரு நூல் அளவு. எனக்கு மட்டும்தான் தெரியும். மாட்டுனவன் நானு."

"அத்த ஒத்துக்க மாட்டேன் ஐயா. சாஞ்சினு இருந்தா பறக்க உட்டிருக்க மாட்டாங்க. நான் நேராத்தான் வெப்பேன்."

"சாஞ்சிதாம்மா இருந்துச்சு."

"படத்துல இல்ல, டிராயிங்குல இல்ல. எதுல வெச்சி நான் பொருத்திப் பாக்கட்டும்?"

அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார். அவரிடம் ஒருத்தர் இவ்வளவு நேரம் அந்தக் கதையைக் கேட்டதே அவருக்குப் பெரிய விஷயம்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், வாலை டேப்பால் மட்டும் கட்டி, ஒட்டாமல், "ஐயாகிட்ட காட்டிட்டு எடுத்தா" என்று என்னிடம் கொடுத்தாள். ஒரு சாண் நீளம். வெள்ளி உடம்பு, பச்சை வால். பார்க்கப் பார்க்க எனக்கு டீக்கடைச் சிரிப்புதான் காதில் கேட்டது. அப்பா பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊருக்குத் தெரியாதே! நான் செய்த முட்டாள்தனத்தை என்ன சொல்ல. பக்கத்து மெக்கானிக் கடையில் பைக்குக்கு அடிக்கிற வெள்ளி ஸ்பிரேயை வாங்கி, வாலைக் கழற்றி, ஒரே அடியாக அடித்துவிட்டேன். பைக் தகரத்துக்கு அடிக்கிற பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. கண்ணெதிரே வால் எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி நெளிந்து கொப்பளித்துப் போனது.

அதைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கிளினிக் பின்னறைக்குப் போனேன். அக்கா பார்த்தாள். டிரில்லை நிறுத்தினாள்.

"ஒங்க நைனா சொன்னத நான் மூணு தபா பொருத்திப் பாத்தேன். யாரோ ஒருத்தி நானு. நீ புள்ள. இத்தினி வருசத்துல ஒரு தபாவாவது பாத்தியா?"

அங்கேயே அழுதுவிட்டேன். நாற்பது வயசு ஆள், சுற்றிலும் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்க, நின்று அழுதேன். ஒட்டு ஏரோப்ளேன் என்று பேர் வைத்தவனே நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அழுவாத. அந்தாண்ட நவுரு, வெளிச்சத்த மறைக்காத" என்றாள். அலமாரியிலிருந்து வெள்ளை மாவுக் கட்டி ஒன்றை எடுத்தாள். பொருந்துகிற எதற்கும் உடனே அச்சு எடுத்து வைப்பது அவள் தொழில் பழக்கம். பல்லுக்கு எடுக்கிற மாதிரியே அந்த வாலுக்கும் எடுத்து வைத்திருந்தாள். ரோஸ் பவுடரில் திரவத்தை ஊற்றிக் குழைத்து அச்சில் அழுத்தினாள். மறுநாள் பகலில் போனபோது ஈறு நிறத்தில் ஒரு விமான வால் மேசையில் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் பச்சை அடித்தாள்.

"போருல இவுங்க பண்ணதும் இதானே. எதுல கெடைச்சிதோ அதுலேந்து எடுத்து மாட்டுனாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒட்டி முடித்த பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லணும் ஒனக்கு. வால மாட்டறதுக்கு முன்னாடி, அதுக்கு அடியில பென்சில்ல ஒரு பேரு எழுதுனாராம் ஒங்க நைனா. அன்னிக்கு நீ டீ வாங்கப் போனப்ப எங்கிட்ட சொன்னாரு. புள்ள பொறந்துக்கீதுன்னு லெட்டர் வந்துச்சாம் அந்த நாளு. ஒம் பேருதான். அத்த நானும் எழுதி, உள்ள வெச்சி ஒட்டிட்டேன்."

"நெசமாவாக்கா?"

"அவுரு எழுதினாரான்னு நான் பொருத்திப் பாக்க முடியாது. அந்த வண்டி இப்ப எங்க கீதோ. நான் எழுதினேனான்னு பாக்கணும்னா இத்த ஒடைக்கணும். ஒடைக்கிறியா?"

நான் விமானத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

விழாவில் அப்பா பேசினார். "நம்ம புள்ள பொறந்த வாரம்" என்று ஆரம்பித்ததுமே பின் வரிசையிலிருந்து டீக்கடைக் குரல் ஒன்று, "ஒட்டு ஏரோப்ளேன்டோய்!" என்றது. சிரிப்பு கிளம்பியது. நான் எழுந்து நின்றேன். "அந்தப் பேர வெச்சவன் நான்தான். ஆறாவது படிக்கிறப்ப வெச்சேன். தப்பு. அவுரு சொல்றது அத்தனையும் நெசம். சந்தேகம் இருந்தா அதோ, அந்த அக்காகிட்ட கேளுங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒருவராவது அவள் முன்னால் முறுக்குக் கடித்தவர்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நான் பாத்துட்டேன். பொருந்துது" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா மேடையிலிருந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார். இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள், முக்கால் மணி நேரம் பேசினார்.

பேர் வைத்ததைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் டீக்கடைக்குக் கிளம்பும்போது, "நீயும் வரியாடா?" என்றார். போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா வீட்டுக்காரரைக் கம்பெனி ஓசூருக்கு மாற்றிவிட்டது. முறுக்கு டின்களை நான்தான் பேக் செய்து அனுப்பினேன். ஒவ்வொரு டின்னையும் குலுக்கிப் பார்த்து, இன்னும் பேப்பர் வை, இன்னும் வை என்று என் உயிரை எடுத்தாள். இப்போது அங்கே ஒரு பெரிய லேபில் பல் செட் செய்கிறாள். ஓசூர்க்காரர்களுக்கு என்ன ஊர் பேர் சொல்லச் சொல்கிறாளோ தெரியாது.

விமானம் என் கவுண்டரில்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு மிக்சி பார்சல் சரிந்து அதன்மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வால் முன்பக்கம் விட்டுப்போய், பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. இடுக்கில் ரோஸ் நிறம் தெரிந்தது. நகத்தால் லேசாக நெம்பினால் போதும், அடியில் இருப்பது தெரிந்துவிடும். கடையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பசையை எடுத்து, இடுக்கில் விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுத்திவிட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். வழக்கம்போல் விமானத்தை எடுத்து விரலால் தடவினார். வாலில் வந்து விரல் நின்றது.

"டேய், எடது பக்கம் சாஞ்சினு கீதுடா."

"தெரியாம ஒட்டிட்டேன் நைனா. கயட்டி நேரா வெச்சிடறேன்."

"கைய வெச்சன்னா பாத்துக்க! அன்னிக்கு இப்பிடித்தான் இருந்துச்சு. இதே அளவு." அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டேன். விழுந்தது, விட்டுப்போனது எல்லாம் சொன்னேன்.

"உள்ள பாத்தியா?"

"இல்லக்கா. பாக்காமயே ஒட்டிட்டேன்."

"பொருத்திப் பாக்காமயா? கோணிக்கினு நிக்குமே!"

"நிக்குதுக்கா. எடது பக்கம். ஒரு நூல் அளவு."

அந்தப் பக்கம் டிரில் சத்தம் நின்றது. கோணலாக ஒட்டின எதையும் உடைத்துத் திரும்ப ஒட்டாமல் அக்கா விட்டதை நான் பார்த்ததில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"ஐயா பாத்தாரா?"

"பாத்தாருக்கா. கயட்டக் கூடாதுன்றாரு."

"அப்ப அப்பிடியே உடு" என்றாள் அக்கா.